மால்கான்கிரியிலிருந்து முல்லைத்தீவு வரை

முல்லைத்தீவுக் கரையில் பிடிபடும் கஞ்சா பெரும்பாலும் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். இரண்டு கிலோ அளவில் அமுக்கிக் கட்டிய பொதி. உப்புத்தண்ணீர் புகாதபடி பொலித்தீன், அதன்மேல் பழுப்பு நிற ஒட்டுநாடா. பல பொதிகளைச் சேர்த்து ஓர் உரப்பை. உரப்பைகளை வரிசையாக அடுக்கி, பின்னால் வள்ளத்தை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘கேரளக் கஞ்சா மீட்பு’ என்று செய்தி வரும். படத்தில் தலைகுனிந்து நிற்கும் இருவர் எங்கள் ஊர்க்காரராக இருப்பார்கள். அந்தப் பொதி எங்கே விளைந்தது, எத்தனை கை மாறியது, யாருடைய காசில் வந்தது என்பதெல்லாம் அந்தச் செய்தியில் இருக்காது. வன்னியில் இருப்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேரளத்துக்கும் இந்தப் பொதிக்கும் இன்று பெரிய தொடர்பு இல்லை. இடுக்கி மலைகளில் விளைந்த கஞ்சாவுக்கு ஒருகாலத்தில் வெளிநாடுகளிலும் பெயர் இருந்தது. அங்கே வனத்துறையும் கலால்துறையும் தோட்டங்களைத் தொடர்ந்து வெட்டி அழிக்க, பயிர் வடக்கே நகர்ந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று இலங்கைக் கரைக்கு வருவதில் பெரும்பகுதி ஆந்திரா, ஒடிசா எல்லையில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. ஆந்திரப் பக்கம் பாடேரு, சிந்தப்பள்ளி மலைக்கிராமங்கள்; 2022 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலிருந்து பிரித்து அமைத்த அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்துக்குள் அவை வருகின்றன. ஒடிசாப் பக்கம் மால்கான்கிரியும் கோராபுட்டும். வீதி போகாத சரிவுகள், நெடுங்காலம் மாவோயிஸ்டுகளும் பொலிஸாரும் மோதிய காடுகள் அவை. அங்குள்ள ஆதிவாசிக் குடும்பங்களுக்கு வெளியிலிருந்து வரும் வியாபாரி விதையும் முன்பணமும் கொடுப்பான். மழை தொடங்கும்போது நடுவார்கள். மார்கழி, தையில் வெட்டிக் காயவைப்பார்கள். ‘சீலாவதி’ என்ற இனத்துக்கு அங்கே நல்ல கிராக்கி. மஞ்சளும் கோப்பியும் விளைகிற அதே மண்தான். ஆனால் கஞ்சாவை வாங்க ஆள் வீட்டு வாசலுக்கே வருகிறான். மஞ்சளை இவர்களே சந்தைக்குச் சுமந்து போகவேண்டும்.

2021 இறுதியில் ஆந்திரப் பொலிஸார் ‘பரிவர்த்தனா’ என்ற நடவடிக்கையைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 7,500 ஏக்கர் கஞ்சாப் பயிரை அழித்ததாகக் கணக்குக் காட்டினார்கள். 2022 பெப்ரவரியில் அனகாபள்ளிக்கு அருகே 2 இலட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்து எரித்தார்கள். ஆனால் ஆந்திரச் சரிவில் வெட்டினால் ஒடிசாச் சரிவில் நடுவதற்கு ஆள் இருந்தது. கடனும் முன்பணமும் அப்படியே இருக்கும்வரை அது நிற்காது.

இந்தச் செடி மனிதரோடு வந்த தூரம் மிக நீளம். பாமிர் மலையில் 2,500 ஆண்டுப் பழைய சவக்குழிகளில் கஞ்சா எரித்த மரத் தணல்கிண்ணங்களை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதர்வ வேதம் சொல்லும் ‘பங்கம்’ இந்தச் செடியே என்பார்கள். 1839இல் கல்கத்தாவில் ஓஷோனசி என்ற அயர்லாந்து மருத்துவர், வலிப்புக்கும் ஏர்ப்புவலிக்கும் இதைக் கொடுத்துப் பார்த்து எழுதிய கட்டுரை வழியாகத்தான் ஐரோப்பிய மருத்துவம் இதைக் கவனித்தது. 1893இல் பிரித்தானிய அரசு இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவை அமைத்தது. 1,193 சாட்சிகளைக் கேட்ட அந்த ஆணைக்குழு, அளவான பாவனையால் பெருந்தீங்கு இல்லை, முற்றாகத் தடுக்காமல் வரி விதித்துக் கட்டுப்படுத்துவதே தக்கது என்று 1894இல் அறிக்கை கொடுத்தது. அப்போது கிழக்கு வங்காளத்தின் நௌகாவில் அரசின் உரிமத்தோடு கஞ்சா விளைந்தது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் விளைந்தது.

தமிழ் வைத்தியத்தில் இதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர். சித்தர் கோரக்கரின் சமாதி நாகபட்டினத்துக்கு அருகே வடக்குப் பொய்கைநல்லூரில் இருக்கிறது. அந்தக் கரையிலிருந்தும் இன்று கஞ்சா ஏறுகிறது. செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்களைத் தந்த மரபில் வந்த யாழ்ப்பாணப் பரியாரிமாரும் வன்னிப் பரியாரிமாரும் சித்த வைத்தியர்களே. சித்த வைத்தியம் கஞ்சாவை ஒரு மருந்துச் சரக்காக மட்டும் அறியும். பாலில் அவித்தோ நெய்யில் வறுத்தோ சுத்தி செய்வார்கள். பல மருந்துகளோடு அளந்து லேகியத்தில் சேர்ப்பார்கள். நித்திரையின்மை, பசியின்மை, கழிச்சல் ஆகியவற்றுக்குக் கொடுப்பார்கள். அளவும் பத்தியமும் வைத்தியரின் கையில் இருந்தன. பெடியன் ஒருவன் பொதியிலிருந்து உருவி எடுத்துப் பீடிக்குள் திணித்துப் புகைப்பதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கஞ்சா எங்கள் வைத்தியத்தில் உள்ளதுதானே என்று அதற்கு நியாயம் சொல்பவர்களை நான் ஏற்பதில்லை.

இலங்கையில் 1867இலேயே அபின், பங்கி (கஞ்சா) வியாபாரத்தை உரிமத்துக்குள் கொண்டுவந்தார்கள். பின்னர் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றைக்கும் வழக்குகள் அதன் கீழ்தான் தாக்கலாகின்றன. சுதேச வைத்தியத்துக்குச் சிறிய வாசல் ஒன்றைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. நீதிமன்றங்களில் சேரும் கஞ்சாவில் ஒரு பகுதி ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குப் போவதுண்டு. வைத்தியர் தன் வளவில் ஒரு செடி வைக்க இடமில்லை.

இனிப் பொதியின் பயணம். மலையிலிருந்து அது லொறியிலும் ரயிலிலும் தமிழ்நாட்டுக்கு இறங்குகிறது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா ‘வணிக அளவு’. பத்து முதல் இருபது ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டுப் பொலிஸார் 2021 டிசம்பரிலிருந்து ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் கட்டம் கட்டமாகச் சோதனை நடத்தினார்கள். அப்படியிருந்தும் வேதாரணியம், கோடியக்கரை, இராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளுக்குப் பொதி வந்து சேருகிறது. கோடியக்கரையிலிருந்து வடமராட்சிக் கரை 60 கிலோமீற்றர் அளவு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீற்றருக்கும் குறைவு. 1974இலும் 1976இலும் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து நடுக்கடலில் போட்ட எல்லைக்கோட்டுக்கு அருகே இரண்டு வள்ளங்கள் சந்திக்கும். சரக்கு கை மாறும். மஞ்சள் இறக்குமதியை இலங்கை தடுத்த 2020இல் மஞ்சள் மூட்டைகளும் இதே வழியால் வந்தன. பீடி இலையும் வருகிறது. இங்கிருந்து தங்கம் அங்கே போகிறது. கடத்துபவனுக்கு எந்தச் சரக்கில் இலாபம் என்பதே கணக்கு.

போர் நடந்த ஆண்டுகளில் இந்தக் கடல் மீனவருக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தது. 2009க்குப் பிறகு திறந்தது. யாழ்ப்பாணக் கரையிலும் மன்னாரிலும் காவல் இறுகும்போது வள்ளங்கள் வன்னிக் கரையைத் தேடும். மேற்கே பூநகரிப் பக்கத்தில் நாச்சிக்குடா, வலைப்பாடு. கிழக்கே சாலை, மாத்தளன், வட்டுவாகல், அளம்பில், நாயாறு, கொக்கிளாய் என்று நீண்டு கிடக்கும் மணற்கரை. வாடைக்காற்று ஓய்ந்து மாசி, பங்குனியில் கிழக்குக் கடல் அடங்கும். மலையில் அறுவடை முடிந்து பொதி தயாராவதும் அந்த நாட்களில்தான். ஆள் குறைந்த கரை, பின்னால் களப்பு, அதற்கும் பின்னால் காடு. இறக்குபவனுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

வள்ளத்தில் போகிறவன் யார்? 2009 மே மாதத்தில் வள்ளம், இயந்திரம், வலை, வீடு எல்லாவற்றையும் அந்தக் கரையிலேயே விட்டுவிட்டு முகாமுக்குப் போன குடும்பத்தின் மகன். மீளக்குடியேறியபோது கடன் வாங்கித்தான் இயந்திரம் வாங்கினான். நுண்கடன் கட்டக் கிழமைக்கு ஒருதரம் வாசலுக்கு ஆள் வந்தது. அவன் போட்ட வலையை இந்திய இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனது. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் தெற்கிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி அமைக்கும் மீனவரோடு கரைக்கே தகராறு. வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதை நிறுத்தச் சொல்லி 2018 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவு மீனவர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். இத்தனைக்கும் நடுவில், ஓர் இரவு ஓடிக் கொடுத்தால் போதும், கடன் அடைந்துவிடும் என்று ஒருவன் வந்து காதில் சொல்கிறான். சரக்கின் உடைமையாளன் யாரென்று ஓட்டிக்குத் தெரியாது. தொலைபேசியில் ஓர் இலக்கம், ஜீபிஎஸ் புள்ளி ஒன்று, அவ்வளவுதான் அவன் கையில் இருக்கும். பெரும்பாலான கடற்றொழிலாளர் இந்த அழைப்பை மறுத்துவிட்டுக் கடனோடு வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் செய்தி வருவதில்லை என்பதால் இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கரையில் இறங்கிய பொதி பற்றைக்குள்ளோ மணலுக்குள்ளோ ஓரிரு நாள் இருக்கும். பிறகு மோட்டார் சைக்கிளில், கூலர் வாகனத்தில், மரக்கறி லொறியில் புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகவோ ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாகவோ ஏ9 வீதியில் ஏறும். ஓமந்தையும் வவுனியாவும் தாண்டினால் தெற்கு. பெருஞ்சந்தை அங்கேதான். தெற்கில் தணமல்வில, வெல்லவாயக் காடுகளில் உள்ளூர்க் கஞ்சா சேனைகளாக விளைகிறது. அதோடு போட்டி போட்டு இந்தப் பொதி விற்கப்படுகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும். ஆதிவாசிக்குக் கிடைத்ததும் ஓட்டிக்குக் கிடைத்ததும் அந்த விலையில் சிறு துண்டுகள். வன்னி வழியாகப் போகும்போது கூலியாகவும் சில்லறையாகவும் சிந்துவதுதான் எங்கள் பாடசாலைகளின் மதிலோரம் வரை வருகிறது.

பிடிபட்டால் பொதி வழக்குப் பொருளாகும். பிடிபட்டவனை நீதவான் முன் நிறுத்தி, பொதியின் மாதிரியை அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார்கள். அறிக்கை வரும்வரை விளக்கமறியல் நீள்வதுண்டு. அந்த மாதங்களில் வீட்டில் உழைப்பு இல்லை. மனைவி நகையை அடகு வைத்துச் சட்டத்தரணிக்குக் கட்டுகிறாள். வழக்கு முடிந்தால் நீதிமன்ற உத்தரவோடு பொதியை எரித்துவிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் கொழும்பிலும் இருக்கும் முதலாளிக்கு ஒரு சரக்கு நட்டம். அடுத்த வள்ளத்தில் அதைச் சரிக்கட்டிவிடுகிறான்.

இதற்கு நடுவில் வேறொரு வகைச் செய்தியும் அவ்வப்போது வரும்: வீட்டு வளவில் கஞ்சாச் செடி வளர்த்தவர் கைது. கிணற்றடியில், வாழைக்கு மறைவாக ஒன்றோ இரண்டோ செடி. இந்தச் செடியின் இயல்பைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உலகத்தில் வீட்டுக் கஞ்சாவின் கதை அதனால்தான் மாறியது. புகைப்பது பெண் செடியின் பூங்கொத்தை. கஞ்சா குறும்பகல் தாவரம். பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும். எங்கள் பழைய நெல்லினங்கள் சிலவும் இப்படித்தான், எப்போது விதைத்தாலும் பகல் குறுகும் காலத்துக்குக் காத்திருந்தே குடலைப் பருவத்துக்கு வரும். புதிய இனங்கள் விதைத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்துக் கதிர் தள்ளும். கஞ்சாவிலும் அந்தப் புதிய நெல் போல ஒரு வகை உண்டு. 1924இல் யானிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவரவியலாளர் வொல்கா நதிப் பிரதேசத்தில் களையாக முளைத்திருந்த குட்டைச் செடியை விவரித்து ருடெராலிஸ் என்று பெயரிட்டார். வட நாட்டுக் கோடை குறுகியது. அங்கே நீண்ட இரவுக்குக் காத்திருந்தால் உறைபனி முந்திவிடும். ஆகவே அந்தச் செடி பகலைப் பார்க்காமல் சில கிழமை வயதானதும் தானே பூத்துவிடும். போதை அதில் மிகக் குறைவு. அதைப் போதை மிகுந்த இனங்களோடு ஒட்டுச்சேர்த்து, 2000களின் தொடக்கத்தில் கனடாக்காரர் ஒருவர் ‘லோரைடர்’ என்ற இனத்தை வெளியிட்டார். இன்று மேற்கில் வீட்டில் வளர்ப்போர் பலர் தேடுவது இப்படித் தானே பூக்கும் வகையை. குட்டையாக நிற்கும், இரண்டரை, மூன்று மாதத்தில் காரியம் முடியும்.

எங்கள் அகலாங்கில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. முல்லைத்தீவில் ஆனியில் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டே முக்கால் மணிநேரம், மார்கழியில் ஏறத்தாழப் பதினொன்றரை. இந்தச் சிறு மாற்றத்துக்குப் பழகிய வெப்பவலயக் கஞ்சா உயரமாக வளர்ந்து, மாதக்கணக்கில் நின்று, தாமதமாகவே பூக்கும். ஆள் உயரத்துக்கு மேல் போய் வேலிக்கு மேலால் தலை காட்டும். வளவுச் செடி மறைவாக நிலைப்பதில்லை.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17இலிருந்து சட்டம் மாறியது. ஒன்ராறியோவில் வயது வந்தவர் வீட்டுக்கு நான்கு செடி வைக்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1இலிருந்து வயது வந்த ஒருவர் மூன்று செடி வைக்கலாம். வன்னியிலிருந்து போன பல குடும்பங்கள் இருக்கும் நாடுகள் இவை. அண்ணன் ஸ்காபரோவில் வைத்தால் பூச்செடி, தம்பி விசுவமடுவில் வைத்தால் வழக்கு. இதைச் சொல்லி இங்கேயும் திறந்துவிடுங்கள் என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. அங்கே வயதுக் கட்டுப்பாடு, உரிமம் பெற்ற கடை, அடிமையானால் போக மருத்துவமனை எல்லாம் சட்டத்தோடு கூடவே உண்டு. வளரும் வயதில், நாள்தோறும், போதை மிகுந்த கஞ்சாவைப் புகைப்பவருக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியான விடயம். வன்னிப் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே காயத்தோடு இருப்பவர்கள். போருக்குப் பிந்திய வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். தகப்பன் காணாமல் போன வீட்டில், தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்ட பகலில், பதினாறு வயதுப் பிள்ளை நித்திரை வரவேண்டி முதல் பீடியைப் பற்றவைக்கிறான் என்றால் அவனுக்குச் சட்டப் புத்தகத்தால் என்ன பயன்?

இலங்கை அரசும் இந்தச் செடியை முற்றாக வெறுக்கவில்லை. 2025 ஓகஸ்ட்டில், ஏற்றுமதிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு, மீரிகமவில் 64 ஏக்கரில் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு வழிவிட்டது. பணம் படைத்தவர் வேலி அடைத்துப் பயிரிடலாம் என்றால், இது நஞ்சு என்ற ஒற்றைச் சொல்லோடு மற்றவர்களைச் சிறைக்கு அனுப்புவதில் நியாயம் குறைவு. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் நாடெங்கும் ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள். பிடிபட்டவர்களில் மிகப் பலர் பாவிப்பவரும் சில்லறை விற்பவரும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் அனுப்ப வழி செய்கிறது. ஆனால் அந்தப் புனர்வாழ்வு, முன்னாள் போராளிகளுக்காக உருவான அதே புனர்வாழ்வுப் பணியகத்தின் கையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது; கந்தக்காடு போன்ற நிலையங்களில் இராணுவத்தினர் நிற்கிறார்கள். முகாமில் இருந்து வந்த தலைமுறையின் பிள்ளையை மறுபடி ஒரு முகாமுக்கு அனுப்ப எந்தத் தாய் மனம் ஒப்புவாள்? அதனால் வீட்டுக்குள் மறைக்கிறார்கள். மறைத்த நோய் முற்றுகிறது.

நாங்கள் கேட்கவேண்டியது சிக்கலானதல்ல. வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகளிலெல்லாம் போதைக்கு அடிமையான இளையோருக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு வேண்டும்; தமிழ் பேசும் உளவளத்துணையாளர் அங்கே முழுநேரம் இருக்க வேண்டும். கடலில் போகும் ஓட்டியைப் பிடிப்பதோடு விசாரணை நிற்காமல், காசு போகும் வழியைப் பார்த்து இரு நாட்டு அதிகாரிகளும் முதலாளியைப் பிடிக்க வேண்டும். கரையோரக் கிராமங்களில் கடற்றொழிலுக்குக் குறைந்த வட்டியில் கூட்டுறவுக் கடன் வேண்டும். இவற்றைப் பிரதேச சபையிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் சட்டைப்பையில் கஞ்சாவைக் கண்டால் அடிக்காதீர்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். உடனே யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.